வீட்டுத் திரைக்கு வரும் புதுப்படங்கள்



மாதம் பிறந்தால் செய்தித்தாள்களில் ஒரு பட்டியல் தவறாமல் வெளியாகிறது. இன்ன தேதியில் இன்ன படம், இன்ன நிறுவனத்தின் ஓ.டி.டி. தளத்தில், இன்னின்ன மொழிகளில் வருகிறது என்னும் பட்டியல் அது. முற்காலத்தில் மாதப் பிறப்பன்று பஞ்சாங்கத்தைப் புரட்டி ஏகாதசியையும் கிருத்திகையையும் குறித்துக்கொண்ட பெரியவர்களைப் போல, இன்று பல வீடுகளில் இந்தப் பட்டியலைக் குறித்துக்கொள்கிறார்கள். பஞ்சாங்கத்தைப் படிக்கப் பயிற்சி வேண்டும். இந்தப் பட்டியலுக்கும் அது வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு அப்பயிற்சி சற்று அதிகமாகவே தேவை. ஏன் என்பதை எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

வெளிமாநிலத் தமிழன் தன் மொழிப் படத்தைப் பார்ப்பதற்குப் பட்ட பாட்டை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். மும்பையில் மாட்டுங்காவின் அரோரா திரையரங்கு தென்னிந்தியப் படங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் அங்கே கூட்டம் கூடும். அத்தகைய அரங்கு வாய்க்காத ஊர்களில், ஞாயிறு காலை ஒரே ஒரு காட்சி என்று எவரேனும் ஏற்பாடு செய்தால்தான் உண்டு. 1980களில் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு பிற்பகல்தோறும் ஏதேனும் ஒரு மாநில மொழிப் படம், ஆங்கில சப்டைட்டிலுடன் காட்டப்பட்டது. பாரதத்தின் மொழிகளோ பல. தமிழின் முறை வருவதற்குள் பல ஞாயிறுகள் கழிந்துவிடும். வந்தாலும் அது பெரும்பாலும் விருது பெற்ற படமாக இருக்கும். பாட்டும் சண்டையும் எதிர்பார்த்து உட்கார்ந்த சிறுவர்கள் மெல்ல எழுந்து விளையாடப் போய்விடுவார்கள். பெரியவர்கள் மட்டும், கதை எப்படிப் போனாலும் போகட்டும், காதில் தமிழ் விழுகிறதே என்று கடைசிவரை அமர்ந்திருப்பார்கள்.

இந்நிலையை மாற்றியது இணையவழித் திரை. ஹாட்ஸ்டார் 2015ஆம் ஆண்டிலும், நெட்ஃப்ளிக்ஸ் 2016 ஜனவரியிலும், அமேசான் பிரைம் வீடியோ அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியாவில் தொடங்கப்பட்டன. சன் நெக்ஸ்ட் 2017இலும், ஜீ5 2018இலும், ஆஹா நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவு 2022இலும் வந்து சேர்ந்தன. ஹாட்ஸ்டார் பெயர் மாறி, ஜியோ சினிமாவுடன் இணைந்து, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆயிற்று. பிரசார் பாரதியும் 2024 நவம்பரில் வேவ்ஸ் என்னும் தளத்தைத் தொடங்கியது. இவற்றின் உரிமைகள் பொதுவாக நாட்டளவில் பெறப்படுபவை. மாநில எல்லை இவற்றுக்கு இல்லை. கோயம்புத்தூரில் நள்ளிரவில் திறக்கும் படம் அதே நொடியில் கௌஹாத்தியிலும் திறக்கிறது. திரையரங்கு ஒருபோதும் தராத சமத்துவம் இது.

ஆனால், 'வருகிறது' என்னும் ஒரே வினைச்சொல்லின் கீழ்ப் பலவகை வரவுகள் அடங்கியிருப்பதை நாம் பிரித்தறிய வேண்டும். தளத்துக்கென்றே எடுக்கப்பட்ட தொடர் ஒன்று. திரையரங்கில் ஓடி முடிந்து வரும் படம் மற்றொன்று. திரையரங்கையே காணாமல் நேராக வருவது மூன்றாவது. இம்மூன்றாம் வகை தமிழில் நிலைபெற்றது கொரோனாத் தொற்றின்போது. 'பொன்மகள் வந்தாள்' 2020 மே 29ஆம் தேதி நேரடியாக வீட்டுத் திரைக்கு வந்தபோது திரையரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதே ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று', அடுத்த ஆண்டு ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை', நவம்பரில் 'ஜெய் பீம்' என்று வரிசையாக வந்தன. அப்படங்களை வெளிமாநிலத் தமிழர்கள் சென்னைவாசிகளோடு ஒரே இரவில் பார்த்தார்கள். மறுநாள் காலை ஊரிலுள்ள உறவினரோடு தொலைபேசியில் பேசுகையில், 'நீங்கள் இன்னும் பார்க்கவில்லையா?' என்று கேட்கும் உரிமை முதன்முதலாக நமக்கும் கிடைத்தது.

திரையரங்கில் ஓடிய படம் எத்தனை நாள் கழித்து வீட்டுக்கு வரவேண்டும் என்பதில் இன்றளவும் வழக்கு ஓயவில்லை. 'மாஸ்டர்' 2021 ஜனவரி 13இல் அரங்குகளுக்கு வந்து, 29ஆம் தேதியே வீட்டுக்கு வந்துவிட்டது, பதினாறே நாள். பின்னர் தென்மொழிப் படங்களில் ஏறத்தாழ நான்கு வார இடைவெளி வழக்கமாயிற்று. ஹிந்திப் படங்களுக்கோ நாடளாவிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரத்தை வலியுறுத்துகின்றன. இரண்டு வழக்கங்களும் மோதும்போது நேர்வதைக் காண 'லியோ' ஓர் எடுத்துக்காட்டு. 2023 அக்டோபரில் அது வெளியானபோது, நான்கு வார ஒப்பந்தத்தின் காரணமாக அதன் ஹிந்திப் பதிப்பை அந்தப் பெரிய நிறுவனங்கள் திரையிடவில்லை. 'தக் லைஃப்' படத்துக்கு எட்டு வாரம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். 2025 ஜூன் 5இல் வெளியான அப்படம், அரங்குகளில் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறாமல், ஜூலை 3இலேயே வீட்டுக்கு வந்தது.

இதற்கொரு நடுவழியும் கண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 14இல் வெளியான 'கூலி', செப்டம்பர் 11இல் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளில் மட்டும் வீட்டுத் திரைக்கு வந்தது. ஹிந்திப் பதிப்பு எட்டு வாரக் கெடு முடியும்வரை காத்திருந்தது. அதே ஆண்டு கன்னடத்தின் 'காந்தாரா' இரண்டாம் படத்துக்கும் இதுவே முறை. ஆகவே, அண்டை வீட்டு ஹிந்தி நண்பர் 'படம் இன்னும் வரவில்லையே' என்று கூறும் அன்று, நாம் பார்த்து முடித்திருப்போம். இருவர் சொல்வதும் மெய்யே. பட்டியலில் தேதியை மட்டும் பாராமல், அத்தேதி எந்த மொழிப் பதிப்புக்கு உரியது என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் கூறுவது இதனால்தான்.

ஒரே படத்தின் மொழிகள் வெவ்வேறு நிறுவனங்களுக்குப் பிரித்து விற்கப்படுவதும் உண்டு. 'ஆர்.ஆர்.ஆர்.' 2022 மே மாதம் வீட்டுத் திரைக்கு வந்தபோது ஹிந்திப் பதிப்பு நெட்ஃப்ளிக்ஸிலும், தெலுங்கு மூலமும் தமிழ் உள்ளிட்ட ஏனைய பதிப்புகளும் ஜீ5 தளத்திலும் இருந்தன. பாகப்பிரிவினையில் வீட்டின் கூடம் அண்ணனுக்கும் சமையலறை தம்பிக்கும் போனது போல! ஒன்றுக்குச் சந்தா கட்டியவர், படம் இருந்தும் தம் மொழி இல்லாமல் திகைத்தார். சந்தா கட்டுவதற்கு முன், படத்தின் பெயரைத் தேடிப் பார்த்து, 'ஒலி' என்னும் பகுதியில் தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது காசை மிச்சப்படுத்தும். நேரத்தைப் பற்றியும் ஒரு சொல்: இந்தியப் படங்கள் பெரும்பாலும் நம் நள்ளிரவில் திறக்கின்றன. நெட்ஃப்ளிக்ஸின் உலகளாவிய தொடர்கள் அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவைக் கணக்கிட்டு வருவதால், நமக்கு அவை பகல் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோ கிட்டும். விடியற்காலையில் எழுந்து தேடிப் பயனில்லை.

இனி, என் தொழிலுக்கு நெருங்கிய பகுதிக்கு வருகிறேன். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் நான். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்கும் கடிதங்களிடையே பகலைக் கழிப்பவனுக்கு, இரவில் திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்காமல் இருக்க முடிவதில்லை. அவ்வெழுத்தை எழுதுபவர் படும் நெருக்கடி எங்களுக்கும் இல்லை. ஒரு வரியில் ஏறத்தாழ நாற்பது எழுத்துகள். ஒரு வேளைக்கு இரண்டே வரிகள். அவையும் ஏழு நொடிக்கு மேல் திரையில் நிற்கலாகாது. நெட்ஃப்ளிக்ஸ் ஆங்கிலத்துக்கு வகுத்துள்ள விதி இவ்வாறுதான். கண் படித்து முடிப்பதற்குள் வாய் அடுத்த வசனத்துக்குப் போய்விடும். ஆகவே சுருக்கம் தவிர்க்க முடியாதது. எதைச் சுருக்குவது என்பதில்தான் திறமை வெளிப்படுகிறது.

தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்கிறது. 'உன்னை நான் என் தம்பியாக...' என்று ஒரு பாத்திரம் இழுத்து நிறுத்தினால், அடுத்து 'நினைத்தேன்' வருமா, 'நினைக்கவே இல்லை' வருமா என்று அவை மூச்சை அடக்கிக் காத்திருக்கும். ஆங்கிலத்திலோ வினை முன்னரே வந்துவிடும்; முழு வாக்கியமும் ஒரே சமயத்தில் திரையில் தோன்றிவிடும். நடிகர் வாய் திறந்து பாதி சொல்வதற்குள், எழுத்தைப் படிப்பவர் சிரித்து முடித்திருப்பார். தமிழ் தெரியாத நண்பரோடு நகைச்சுவைப் படம் பார்த்தவர்கள், தமக்கு முன்னால் அவர் சிரித்ததைக் கவனித்திருக்கலாம். ஹிந்தியும் வினையை இறுதியில் வைக்கும் மொழியாதலால், ஹிந்தி டப்பிங்கில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே தொல்லை வேறு: உதட்டசைவு. பகரமும் மகரமும் உதடு மூடாமல் பிறப்பதில்லை. நடிகர் 'அம்மா' என்று அண்மைக் காட்சியில் உதட்டை மூடும் இடத்தில், டப்பிங்கிலும் உதடு மூடும் ஒரு சொல் இருக்க வேண்டும். 'மா' என்று ஹிந்தி கைகொடுக்கிறது. எல்லாச் சொல்லுக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை.

உறவுப் பெயர்களைப் பாருங்கள். ஆங்கில சப்டைட்டிலில் அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா நால்வரும் ஒரே 'ஆன்ட்டி' ஆகிவிடுகிறார்கள். ஹிந்தி இதில் செல்வம் மிகுந்த மொழி. தந்தையின் சகோதரிக்கு 'புவா', தாயின் சகோதரிக்கு 'மௌசி', தாய்மாமன் மனைவிக்கு 'மாமி' என்று தனித்தனியே பெயர் வைத்திருக்கிறது. தமிழில் தாத்தா என்று ஒருவரையே நாம் கூப்பிடும் இடத்தில், தந்தைவழிக்கு 'தாதா' என்றும் தாய்வழிக்கு 'நானா' என்றும் அது பிரித்துச் சொல்கிறது. மூலத்தில் வெறும் 'தாத்தா' என்றிருந்தால், ஹிந்தியில் எழுதுபவர் கதையை முழுவதும் படித்து, அவர் எந்த வழித் தாத்தா என்று தெரிந்துகொண்ட பின்னரே பேனாவைத் தொட முடியும்.

இத்தனைச் செல்வம் உள்ள ஹிந்தியும் கைவிரிக்கும் இடம் ஒன்று உண்டு. 'முறைப்பெண்' என்பதே அது. மாமன் மகளை ஹிந்தியில் சுட்டும் சொல்லுக்குப் பொருள், மாமன் வழிச் சகோதரி என்பதாகும். சகோதரி என்ற சொல்லை விட்டு அவ்வுறவைக் கூற அங்கே வழியில்லை. கிராமத்துக் கதை ஒன்றில் நாயகன் தன் மாமன் மகளைப் பார்த்துப் பாடுகிறான். அடியிலோடும் எழுத்து அவளைத் தங்கை என்று குறிப்பிட்டால், லக்னோவில் பார்ப்பவர் முகம் சுளிக்காமல் வேறென்ன செய்வார்? வெறுமனே ஓர் ஊர்ப்பெண் என்று எழுதினால், 'எனக்கு உரிமை உண்டு' என்று அவன் சண்டைக்குப் போவதன் காரணம் விளங்காது. 'அத்தான்' என்னும் விளியும் இவ்வாறே. உறவு, உரிமை, கேலி, காதல் நான்கும் ஒரு சொல்லில் இருக்க, 'ஏஜி' என்றோ பெயரிட்டோ கூப்பிட்டால் அது காலியாகிவிடுகிறது. மராத்தியர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாமன் மகளை மணக்கும் வழக்கம் அவர்களிடையேயும் இருக்கிறது. புணேயிலோ மும்பையிலோ இருக்கும் நேயர்கள் தம் அண்டை வீட்டாரோடு இத்தகைய படத்தைத் தைரியமாகப் பார்க்கலாம்.

வட்டார வழக்கு டப்பிங்கில் பெரும்பாலும் உயிர் விட்டுவிடுகிறது. 'ஏலே' என்றால் திருநெல்வேலி, 'ஏனுங்க' என்றால் கொங்குநாடு, 'இன்னாபா' என்றால் வடசென்னை என்று நமக்கு முதல் சொல்லிலேயே ஊர் தெரிந்துவிடும். 'சார்பட்டா பரம்பரை'யில் பேசப்படும் பேச்சு வடசென்னையின் தொழிலாளர் பேச்சு. அக்கதையின் பாதி அதில் இருக்கிறது. அதைப் பொதுவான ஹிந்தியில் கேட்பவர் குத்துச்சண்டையைப் பார்ப்பார். வடசென்னையைப் பார்க்க மாட்டார். சில வேளைகளில் மாற்றம் தற்செயலன்று. 'ஜெய் பீம்' படத்தில், ஹிந்தியில் பேசும் ஒருவரை அறைந்து தமிழில் பேசுமாறு ஓர் அதிகாரி கூறும் காட்சி உண்டு. ஹிந்திப் பதிப்பில் அவ்விடத்தில், உண்மையைப் பேசு என்னும் பொருளில் வசனம் அமைந்தது. இதுபற்றி அன்று பெரும் விவாதம் எழுந்தது. சரியா தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்க, இரு மொழியினரும் ஒரே பெயரில் இரு வேறு காட்சிகளைப் பார்த்தார்கள் என்பதே மொழிபெயர்ப்பாளனுக்குப் படுவது. ஆகவே அலுவலக நண்பரோடு ஒரு படத்தைப் பற்றி வாதிடும்முன், அவர் பார்த்தது எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்வது நலம்.

தொடர்களின் வீச்சு இன்னும் பெரிது. புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய 'சுழல்' என்னும் தமிழ்த் தொடர் 2022 ஜூனில் வெளியானபோது, முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் ஒலியாகவோ எழுத்தாகவோ கிடைத்தது. மயானக் கொள்ளைத் திருவிழா அத்தொடரின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. அவ்விழாவை அயல்மொழியில் இரண்டு வரிக்குள் விளக்க நேர்ந்தவருக்கு என் அனுதாபம் உண்டு.

இவ்வளவு மொழிகளிலும் எழுத்து ஓடுகையில், தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து ஓடுவது அரிதாக இருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பல தமிழ்ப் படங்களில் சப்டைட்டில் பொத்தானை அழுத்தினால் கிடைப்பது ஆங்கிலம் மட்டுமே. தமிழ் பேசுபவருக்குத் தமிழ் எழுத்து எதற்கு என்று நிறுவனத்தார் நினைக்கலாம். வெளிமாநில வீடுகளை அவர்கள் பார்த்திருந்தால் அவ்வாறு நினைக்க மாட்டார்கள். பாட்டியோடு தமிழில் பேசத் தெரிந்து, தமிழில் தம் பெயரை எழுதத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் வளர்கிறார்கள். பள்ளியில் ஹிந்தியும் ஆங்கிலமும். சில ஊர்களில் அவற்றோடு வங்காளியோ மராத்தியோ குஜராத்தியோ. தமிழ்ச் சங்கங்களின் வார இறுதி வகுப்பு எல்லோருக்கும் எட்டுவதில்லை. காதால் அறிந்த சொல் கண்ணெதிரே எழுத்தாகவும் ஓடுமானால், எழுத்து தானாகப் பழகும்.

இது வெறும் ஆசையன்று, சோதிக்கப்பட்ட முறை. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, பேசும் மொழியிலேயே சப்டைட்டில் தரும் முறையை 1996ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து வந்தார். குஜராத்தித் திரைப்பாடல்களுக்குக் குஜராத்தி எழுத்தைத் தூர்தர்ஷனில் ஓடவிட்டு 1999இல் தொடங்கிய முயற்சி, 2002இல் ஹிந்திப் பாடல் நிகழ்ச்சியான 'சித்ரஹார்' வரை சென்றது. பாட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அடுத்த சொல் என்ன என்று பார்ப்பவருக்கு முன்பே தெரியும். கண் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். எழுத்தைத் தடுமாறிப் படிப்பவர்கள் இதனால் தேறினார்கள் என்பதே அவ்வாராய்ச்சி காட்டியது. ஆகையால், தமிழ் எழுத்து உள்ள படம் கிடைக்கும்போது பிள்ளைகளுக்காக அதைப் போட்டு வையுங்கள். முதலில் பாட்டுகள் போதும். 'படிக்கிறாயா?' என்று நடுவில் கேட்காதிருப்பது உத்தமம். கேட்டால் அது வகுப்பாகிவிடும், பிள்ளை எழுந்து போய்விடும்.

பிள்ளைகள் பார்ப்பதைப் பற்றிப் பேசுகையில் வயது வரம்பையும் கூற வேண்டும். திரையரங்குப் படத்துக்குத் தணிக்கைச் சான்று கட்டாயம். இணையவழி வெளியீட்டுக்கு அது கட்டாயமன்று. மாறாக, 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, நிறுவனங்களே தம் படங்களை அனைவர்க்கும் உரியவை, 7, 13, 16 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியவை, வயது வந்தோர்க்கு மட்டும் உரியவை என்று ஐந்தாக வகைப்படுத்த வேண்டும். 13 வயது வகை முதற்கொண்டு பெற்றோர் பூட்டு வசதியும் தரவேண்டும். பூட்டின் இரகசிய எண்ணாகப் பிள்ளையின் பிறந்த ஆண்டையே வைத்தால் பூட்டு இருந்து என்ன பயன்? செலவைப் பொறுத்தவரை, சாதாரணத் தரத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜி.பி. டேட்டாவும், உயர் தரத்தில் மூன்று ஜி.பி. வரையும் செலவாகலாம். விடுதியில் தங்கியிருந்து கைப்பேசியில் பார்க்கும் தொழிலாளத் தோழர்கள் தரத்தைக் குறைத்து வைத்தால் மாதக் கடைசியில் வீட்டுக்குப் பேச டேட்டா மிஞ்சும்.

கடைசியாக, காது கேளாதோரைப் பற்றி. எங்கள் குடியிருப்பில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். நாற்பதாண்டுகளாகத் தில்லியில் வாழ்பவர். தமிழன்றி வேறு மொழி படிக்கத் தெரியாதவர். செவித்திறன் குறைந்துவிட்டது. பழைய படங்களென்றால் உதட்டசைவும் நினைவும் சேர்ந்து ஒருவாறு புரிந்துகொள்கிறார்; புதிய படங்களில் அது நடப்பதில்லை. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக் காட்டிய பேரனிடம், 'அந்தக் கோடுகளை எடுத்துவிடு, முகத்தை மறைக்கிறது' என்றாராம். அவருக்குத் தமிழ் எழுத்து இருந்தால் ஒரு மாதத்துப் பட்டியலே போதும், பல மாலைகள் கழியும்.

மேற்சொன்ன 2021ஆம் ஆண்டு விதிகளோடு இணைந்த ஒழுக்க நெறியில் இதற்கும் இடமிருக்கிறது. மாற்றுத் திறனாளிகள் படங்களைப் பயன்படுத்துவதற்கு ஏற்ற வசதிகளை இயன்றவரை மேம்படுத்த நிறுவனங்கள் முயலவேண்டும் என்று அது கூறுகிறது. 'இயன்றவரை' என்னும் சொல் எவ்வளவு நெகிழ்வானது என்பது கோப்புகளோடு பழகிய எனக்குத் தெரியும். எனினும் கேட்பவர் இருந்தால்தான் இயல்வது எவ்வளவு என்பதே வெளிவரும். ஒவ்வொரு நிறுவனமும் இந்தியாவில் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் முகவரியைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும். ஒழுக்க நெறி தொடர்பான முறையீடு வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 15 நாளுக்குள் முடிவைக் கூற வேண்டும் என்பது விதி. முறையீட்டில் படத்தின் பெயர், பார்த்த தேதி, அப்போது கிடைத்த சப்டைட்டில் மொழிகள், தமிழ் எழுத்து யாருக்காக வேண்டும் என்னும் காரணம் ஆகிய நான்கும் இருந்தால் போதுமானது. தமிழிலேயே எழுதலாம்; விரைவில் விடை வேண்டுவோர் அதன் கீழே ஆங்கிலத்திலும் நான்கு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.